சர்ப்பகந்தி வேரின் வரலாறு

கொழும்புப் புறக்கோட்டையிலே கெபோஸ் லேன் என வழங்கும் சிறு தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. அங்குள்ள சாக்குகளிலும் பெட்டிகளிலும் காய்ந்து கிடக்கும் வேர்களையும் பட்டைகளையும் நோக்குவோர், அவற்றுள் ஒன்று உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றியது என்று கேட்பின் எளிதில் நம்பார். ஆயினும் அத்தகைய வேர் ஒன்று உண்டு. வடமொழியாளர் சர்ப்பகந்தா என்றும், தமிழர் சர்ப்பகந்தி, பாம்புக்களா என்றும், சிங்கள மக்கள் ஏகவேரிய என்றும் அழைக்கும் செடியின் வேரே அது. அதன் வரலாறு நாட்டு மருத்துவத்துக்குப் புகழ் சேர்ப்பதற்காகப் பலகால் எடுத்துக் கூறப்பட்டதாகும். எனினும் அங்ஙனம் கூறுவோர் பெரும்பாலும் அதன் பாதியையே கூறி அமைகின்றனர். எஞ்சிய பாதியே நம்மவர் அறிய வேண்டியது.

செடி அலரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நித்தியகல்யாணியும் அதற்கு உறவே. மூன்றடிக்கு மேல் உயர்வது அரிது. இலைகள் பெரும்பாலும் மும்மூன்றாகக் கணுவைச் சூழ்ந்து நிற்கும். பூ வெண்மையும் இளஞ்சிவப்புங் கலந்தது; அதனைத் தாங்குங் காம்பு சிவந்தது; கனி முதிர்ந்தால் கருமை பெறும். இமயமலையின் அடிவாரந் தொடங்கி இலங்கை வரையும், கிழக்கே பர்மா, சாவகம் முதலிய நாடுகளிலும், நிழலும் ஈரமும் உள்ள காடுகளில் வளர்வது. வேர் நீண்டு நெளிந்து காணப்படும், கசப்பு மிக்கது. பாம்பு என்னும் சொல் அதன் பெயரோடு ஒட்டியமைக்கு அந்நெளிவு காரணம் என்பர் சிலர். பாம்புக் கடிக்கு மருந்தானமையே காரணம் என்பர் வேறு சிலர்.

இவ்வேர் ஐரோப்பியர் நூலில் ஏறியபோது அதனோடு கூடவே ஏறியது இலங்கையின் பெயர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கோவா நகரிலே மருத்துவத் தொழில் புரிந்த கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கேயர் 1563 ஆம் ஆண்டில், இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய உரையாடல் நூல் ஒன்றை அந்நகரிலேயே அச்சிட்டு வெளியிட்டார். அதில் ‘பாம்பு மரம்’ என்னும் பொருளைப் பற்றி ஓர் இயல் உண்டு. இலங்கையிலே கீரியானது நாகத்தோடு பொருமுன் ஒரு செடியின் வேரைக் கடித்துத் தின்று தன் உடலுக்குக் காப்புத் தேடிக்கொள்கின்றதென்றும், அதனைக் கண்ட மக்களும் அவ்வேரை நஞ்சுக்கு மருந்தாகக் கொண்டனர் என்றும் அவர் எழுதினார். அவர் குறித்தது சர்ப்பகந்தியே என்பது ஆய்ந்தோர் பலரின் துணிபு. பின்னர் ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் அம்போயினாத் தீவிலே வாழ்ந்து, கண்ணொளி இழந்த பின்னரும் செடிநூல் எழுதுவதை விடாத ரம்பியஸ் என்பாரும் இக்கீரிக் கதையையே கூறினார்.

கதை சுவையானது. ஆனால் அதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. கற்றோர் கண்ணெல்லாம் பாம்பின் மேலும் கீரியின் மேலும் பதிந்துவிட்டமையால், அவ்வேரை நாட்டு மக்கள் வேறு எதற்குக் கொடுத்தனர் என்று கேட்பார் அருகினர். பின்வந்த நூல்களும் பாம்புக் கடி, காய்ச்சல், வயிற்றுளைவு, மகப்பேற்று வலி என்று வரிசை கூறி நின்றன. பாம்பின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் இவ்வேருக்கு உண்டு என்பதோ இன்றுவரை நிறுவப்படவில்லை. மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உரக்கப் பேசப்பட்ட குணம் பொய்த்தது. பேசப்படாத குணமே மெய்யாயிற்று.

பெயரிட்ட கதையும் விந்தையானது. 1672 ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மன் சேர்த்த செடித் தொகுதியை ஆதாரமாகக் கொண்டு, சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூல் ஒன்று இயற்றினார். அவரே 1753 இல் நம் செடிக்குப் ‘பாம்பு மரம்’ என்னும் பொருள்பட ஒபியோசைலன் என்று பெயரிட்டார். அதன் பின்னரே அது ரவுவோல்பியா என்னும் இனத்துள் அடக்கப்பட்டது. அவ்வினப் பெயரை 1703 இல் ஆக்கியவர் புளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி. அமெரிக்கச் செடி ஒன்றுக்காக ஆக்கினார். பெயருக்குரிய ரவுவோல்ப் என்பவரோ 16 ஆம் நூற்றாண்டிலே ஜெர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் வாழ்ந்த மருத்துவர். அவர் சிரியா, பக்தாத் ஆகிய இடங்கள் வரை பயணஞ் செய்து, காப்பி அருந்தும் வழக்கத்தை ஐரோப்பியருக்கு எழுத்தில் அறிவித்தவர், இந்தியாவை மிதித்தவரல்லர், இச்செடியைக் கண்டவருமல்லர். காட்டிலே அதனைத் தேடி அகழ்ந்து, அளவறிந்து கொடுத்துவந்த மருத்துவர் எவருடைய பெயரும் அதற்கு வாய்க்கவில்லை.

அம்மருத்துவர் யாவர்? பீகார் நாட்டின் ஊர்ப்புறங்களிலே இவ்வேரைப் ‘பாகல் கீ தவா’, அஃதாவது பித்தர் மருந்து, என்று வெளிப்படையாகவே அழைத்தனர். வெறிகொண்டு அலறுவோருக்கும் உறக்கமின்றித் தவிப்போருக்கும் அதன் தூளைக் கொடுத்து அடக்கினர். அழுகை ஓயாத குழந்தைகளை உறங்கச் செய்வதற்கும் அவ்வேரைப் பயன்படுத்திய தாயர் உண்டு. இவ்வழக்கம் பெரிய வடமொழி நூல்களிற் சிறப்பாக எடுத்துரைக்கப்பட்டதன்று. சரக சங்கிதையிலே சர்ப்பகந்தா என்னும் பெயர் வருகின்றதாயினும், அது நஞ்சு நீக்கத்தின் தொடர்பில் வருவது. அப்பெயர் இதே செடியைத்தான் குறித்ததா என்பதிலும் அறிஞரிடையே வேற்றுமை உண்டு. ஆகவே, ‘எம் முனிவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனநோய் மருந்தைக் கண்டனர்’ என்று மேடைகளிற் கூறுவது சான்றுக்கு மிஞ்சிய கூற்றாகும். கண்டவர் பெயரறியா ஊர் மக்கள். அவர்க்குரிய புகழை ஏட்டுக்கு மாற்றிக் கொடுப்பது நேர்மையன்று.

விஞ்ஞான முறையான ஆராய்ச்சி 1931 ஆம் ஆண்டில் இரண்டு நகரங்களில் ஏறக்குறைய ஒருங்கே தலைப்பட்டது. ஒன்று தில்லி. அங்கே ஹக்கீம் அஜ்மல் கான் என்னும் யூனானி மருத்துவர், நாட்டு மருந்துகளை இரசாயன முறையாற் சோதித்தல் வேண்டும் என்னும் வேட்கையால், ஜெர்மனியிற் பயின்ற இளைஞர் சலீமுஸ்ஸமான் சித்திக்கியைத் திப்பியாக் கல்லூரியில் ஆய்வுகூடம் அமைக்குமாறு தூண்டினார். அஜ்மல் கான் 1927 இறுதியிற் காலமானார். தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. சித்திக்கி தம் உடன்பணியாளரோடு சர்ப்பகந்தி வேரிலிருந்து அற்கலொயிட்டுக்கள் எனப்படும் காரப் பொருள்கள் ஐந்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டுத் தம்மை ஆதரித்த பெரியாரின் பெயரை நிலைநிறுத்தினார். நெஞ்சத் துடிப்பின் ஒழுங்கீனத்தை ஆராய்வதற்கு ஐரோப்பிய மருத்துவமனைகள் சிலவற்றில் அஜ்மலின் இக்காலத்தும் பயன்படுகின்றது. அதனை எடுத்துச் செலுத்தும் மருத்துவருள் எத்துணைப்பேர் தில்லி ஹக்கீமை அறிவர்!

மற்றது கல்கத்தா. அங்கே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், பித்துக்கும் உயர் குருதி அமுக்கத்துக்கும் உரிய புதிய இந்திய மருந்து எனச் சர்ப்பகந்தியை அறிமுகஞ் செய்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினர். வேர்த் தூளை நாளொன்றுக்கு இருமுறை, முறைக்கு 20 முதல் 30 கிறெயின் வரை கொடுத்தால், உறக்கம் வருதலோடு குருதி அமுக்கமும் தாழ்கின்றது என்பது அவர்கள் கண்டது. ஊர் மருத்துவர் அறிந்தது ஒன்று. இவ்விருவர் அதனோடு சேர்த்தது மற்றொன்று. குருதி அமுக்கத்தை அளக்குங் கருவி இல்லாத காலத்து மருத்துவர் அது தாழ்வதை எங்ஙனம் அறிதல் கூடும்? நாட்டு அறிவும் கருவியும் சந்தித்த இடத்திலேயே அப்புதிய குணம் வெளிப்பட்டது.

இனி ஒரு தடை நேர்ந்தது. அது கூர்ந்து நோக்கத்தக்கது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியிலே கேணல் ராம் நாத் சோப்ராவும் அவர் குழுவினரும் 1933 முதல் இம்மருந்தை விலங்குகளிற் சோதித்தனர். பளிங்காகப் பிரித்த அற்கலொயிட்டுக்களைக் கொடுத்தபோது, முழு வேர் தந்த அமைதியும் உறக்கமும் அவற்றால் விளங்கக் காணவில்லை. வேரைக் கொடுத்தால் நோயாளி அமைதியுறுகின்றான். வேரின் சத்தென்று எடுத்ததைக் கொடுத்தால் அஃதில்லை. அவ்வாறாயின் சத்து எங்கே ஒளிந்தது? பளிங்குகளைப் பிரித்த பின் எஞ்சிநின்ற, பிசின் போன்ற கழிவுப் பகுதியிலேயே உறக்கந் தரும் ஆற்றல் தங்கியிருந்தது என்பதை அக்கல்கத்தா ஆய்வாளர் 1940 களிற் கண்டுகொண்டனர். ஆயினும் அப்பிசினுட் புகுந்து பொருளைப் பிரித்தெடுக்கத் தக்க வசதி அன்றைய இந்திய ஆய்வுகூடங்களுக்குக் கிட்டவில்லை. போரும் அதனையடுத்த குழப்பங்களும் வேறு குறுக்கிட்டன.

இதனிடையே மருந்து மக்களிடையே பரவிக்கொண்டிருந்தது. 1934 இல் ஹிமாலயா மருந்துக் கம்பனி சேர்ப்பினா என்னும் குளிகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்திய மருத்துவர் பலர் அதனை எழுதிக் கொடுத்தனர். இந்திய இதழ்களிற் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மேல்நாட்டார் அவற்றைப் படித்திலர். பம்பாயிலே நெஞ்சநோய் மருத்துவராயிருந்த ருஸ்தம் ஜால் வகீல், தாம் பல்லாண்டு பழகிய மருந்தை உயர் குருதி அமுக்கமுள்ள 50 நோயாளருக்குக் கொடுத்துக் கண்ட முடிபுகளை 1949 இல் பிரித்தானிய நெஞ்ச மருத்துவ இதழில் வெளியிட்டார். மருந்து ஒன்றே, முடிபும் ஏறக்குறைய ஒன்றே. 1931 இற் கல்கத்தாவிற் கூறியபோது கேளாத செவி, 1949 இல் இலண்டனிற் கூறியபோது கேட்டது. பதினெட்டு ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தன. வகீல் தம் நோயாளரை முறையாகத் தெரிந்து ஒழுங்காக அளந்து கணக்கிட்டார் என்பதும் உண்மையே. பழைய கட்டுரைகள் பலவற்றில் அவ்வொழுங்கு குறைவு. ஆகவே குற்றம் முழுவதும் கேளாதார் மேலதன்று.

வகீலின் கட்டுரையைக் கண்ணுற்ற பொஸ்ரன் மருத்துவர் ரொபர்ட் வில்கின்ஸ் இந்தியாவிலிருந்து மருந்தை வருவித்துத் தம் நோயாளருக்குக் கொடுத்தார். குருதி அமுக்கம் தாழ்ந்ததோடு, அவர்தம் மனக் கலக்கமும் தணிந்ததை அவர் கண்டார். 1952 இல் சுவிற்சர்லாந்து பாசல் நகரத்துச் சீபா கம்பனியின் ஆய்வுகூடத்திலே மியூல்லர், ஷ்லிற்லர், பைன் ஆகிய மூவரும் அந்தப் பிசின் பகுதியிலிருந்தே ஒரு புதிய அற்கலொயிட்டைப் பளிங்காகப் பிரித்து ரிசர்ப்பின் எனப் பெயரிட்டனர். கல்கத்தாவார் சுட்டிக் காட்டிய இடத்திலேயே பொருள் கிடைத்தது. முழு வேரிலே அற்கலொயிட்டுக்கள் யாவுங் கூடி நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கே தேறும். அவற்றிலும் ரிசர்ப்பின் சிறு கூறு. அதன் அமைப்பு விரைவில் விளங்கியது. 1956 இல் அமெரிக்க இரசாயன அறிஞர் வூட்வேர்ட் அதனை வேரின் உதவியின்றியே ஆய்வுகூடத்தில் தொகுத்து முடித்தார்.

மனநோய்த் துறையில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. அகமதாபாத்து மருத்துவர் ஆர். ஏ. ஹக்கீம் 1953 இல் சர்ப்பகந்தியைக் கொண்டு மனநோயாளருக்குச் செய்த சிகிச்சையைப் பற்றிய செய்தி நியூயோர்க்கு நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. அதன் பின்னர் நேதன் கிளைன் என்பவர் நியூயோர்க்கு மாநில மனநோய் மருத்துவமனையிலே வேரையும் ரிசர்ப்பினையும் சோதித்து 1954 இல் முடிபை வெளியிட்டார். சங்கிலியும் பூட்டிய அறையும் மின்னதிர்ச்சியுமே வழியென்றிருந்த பெரு மனைகளிலே, குளிகையால் அமைதியுற்ற நோயாளர் எழுந்து நடமாடினர். அதே காலத்திற் பிரான்சிலிருந்து வந்த குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்தும் இதுவுமே மனநோய் மருந்தியல் என்னும் புதிய துறைக்கு வாயில் திறந்தன. 1957 இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசைப் பெற்றோருள் கிளைனும் ஒருவர். பம்பாய் வகீலும் ஒருவர்.

மருந்து வேலை செய்தது. எவ்வாறு செய்தது என்பது அடுத்த வினா. 1955 இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார ஆய்வுநிலையத்திற் புரோடி குழுவினர் ரிசர்ப்பின் ஊட்டிய விலங்குகளின் மூளையிலே செரற்றொனின் என்னும் பொருள் வற்றிப்போவதைக் கண்டனர். நரம்பு முனைகளிலே செய்தி கடத்துவதற்காகச் சேமித்து வைத்த பொருள்களை அங்கே தங்கவிடாது வெறுமையாக்குவதே ரிசர்ப்பினின் செயல் என்பது பின்னர் விளங்கியது. சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1957 இல் ரிசர்ப்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு லெவோடோப்பா என்னும் பொருளை ஊட்டினார். முயல்கள் எழுந்து நடந்தன. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்து அவ்வழியே வந்தது. கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே ஒன்றைக் குறியாது செல்லல் இயலாது: அதே லெவோடோப்பாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937 இலேயே பிரித்து எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாமோதரனும் இராமசாமியும். அதற்கும் நடுக்கத்துக்கும் உள்ள தொடர்பை அப்போது எவரும் அறிந்திலர்.

புகழ் பாடுவோர் பெரும்பாலும் இவ்விடத்திற் கதையை நிறுத்திவிடுவர். ரிசர்ப்பினை உட்கொண்ட நோயாளர் சிலர் ஆழ்ந்த துயரில் அமிழ்ந்தனர். தம் உயிரைத் தாமே மாய்க்க முயன்றோரும் உண்டு. மூளையின் சேமிப்பை வற்றச் செய்யும் மருந்து மனத்தின் ஊக்கத்தையும் வற்றச் செய்தல் கூடும் என்ற எண்ணம் அதனாலேயே எழுந்தது. நாளொன்றுக்குக் கால் மில்லிகிராம் அளவோ அதனிற் குறைவோ போதும் என்று இப்போது கருதப்படும் மருந்தை அக்காலத்திற் பன்மடங்கு மிகுத்துக் கொடுத்தனர். குறைந்த அளவிலே துயர் விளைகின்றதா என்பது பிற்கால ஆய்வுகளில் ஐயத்துக்கிடமாயிற்று. 1974 இல் மார்புப் புற்றுநோயோடு அதனைத் தொடர்புபடுத்தி மூன்று அறிக்கைகள் ஒருசேர வெளிவந்தன. அத்தொடர்பு பின்னைய ஆய்வுகளால் உறுதிப்படவில்லை. ஆனால் மருந்தின் நற்பெயர் மீளவில்லை. சீன நாட்டிலே குருதி அமுக்கத்துக்கான கூட்டுக் குளிகைகளில் அது இன்றும் சேர்கின்றது; மேல்நாடுகளில் அருகிவிட்டது.

ஊர் மருத்துவர் முழு வேரைக் கொடுத்ததனால் இத்தீங்கு நேரவில்லை என்று கூறுவோர் உளர். இவ்வாதம் பாதி பொருந்தும். வேர்த் தூளில் ரிசர்ப்பினின் அளவு சிறிது. அது மெல்லவே செயற்படுவது. கொடுப்பவர் நோயாளியை நாடோறும் கண்டார். ஆனால் காட்டுக்குக் காடு வேரின் வலிமை வேறுபடும். பீகாரில் அகழ்ந்த வேரும் தெராதூனில் அகழ்ந்த வேரும் ஒத்த குணமுடையனவாய் இருந்தில என்பதை அக்கால ஆய்வாளரே கண்டனர். அதனை நாக்கின் கசப்பால் அளந்தறிதல் இயலாது. துயரால் மாய்ந்தோரின் கணக்கையும் ஊர் மருத்துவர் எழுதிவைத்திலர். எழுதாத கணக்கைக் கொண்டு தீங்கில்லை என நிறுவுதல் எங்ஙனம்?

செடிக்கு நேர்ந்ததையுஞ் சொல்லல் வேண்டும். இலை பறித்தாற் செடி மீண்டும் தளிர்க்கும். வேரை அகழ்ந்தால் அஃதில்லை. 1950 களில் உலகெங்குமிருந்து கேள்வி எழுந்தபோது இந்தியக் காடுகளிலே வேர் அகழ்வோர் கூட்டங் கூட்டமாகப் புகுந்தனர். விதை நட்டுப் பயன்தரும் வேர் பெற இரண்டு மூன்று ஆண்டு செல்லும். காட்டில் அகழ்வதோ ஒருநாள் வேலை. செடி அருகியமையால் ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதிக்க நேர்ந்தது. மருந்துக் கம்பனிகள் அவ்வினத்தைச் சேர்ந்த ஆபிரிக்கச் செடி ஒன்றை நாடிச் சென்றன. 1990 முதல் அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கையில் சர்ப்பகந்தியும் இடம்பெற்றுள்ளது.

இலங்கையிலே நாட்டு மருத்துவத்தை முறையாகக் கற்பிக்கும் கல்லூரி 1929 இல் பொரளையில் தொடங்கியது. யாழ்ப்பாணத்து அரசர் காலத்து மருத்துவ நூலெனப்படும் பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை ஏடுகளிலிருந்து தேடி அச்சேற்றத் தொடங்கியதும் அக்காலத்திலேயே. 1961 இல் ஆயுர்வேதச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஆகவே இடமும் ஏடும் ஆளும் இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. எனினும் பொன்குறண்டியின் கதை சர்ப்பகந்தியின் கதையை நினைவூட்டுகின்றது.

ஏகநாயகம் எனவும் தமிழர் கூறும் அக்கொடியைச் சிங்களர் கொத்தல ஹிம்புட்டு என்பர். அதன் கட்டையைக் கடைந்து குவளையாக்கி, இரவு முழுதும் நீர் ஊறவைத்துக் காலையில் நீரிழிவு நோயாளர் அருந்துவது இலங்கையின் பழைய வழக்கம். 1997 இல் ஜப்பான் நாட்டுக் கியோத்தோ நகரிலே யொஷிக்காவா குழுவினர் அதிலிருந்து சலசினோல் என்னும் பொருளைப் பிரித்தனர். அடுத்த ஆண்டில் மற்றொன்றைப் பிரித்து, சிங்களப் பெயரைத் தழுவிக் கொத்தலனோல் என்று அழைத்தனர். குடலிலே மாப்பொருள் சருக்கரையாக மாறுவதை அவை தடுக்கின்றன. ஜப்பானியக் கடைகளில் அது உணவுத் துணைப்பொருளாக விற்கலாயிற்று. ஆக்கவுரிமைகளும் பிறநாட்டிற் பதிவாயின. இலங்கையர் நால்வர் இக்கொடி சேர்ந்த தேநீரை நீரிழிவு நோயாளர் 51 பேருக்குக் கொடுத்து, யாருக்கு மருந்து, யாருக்கு வெறுந் தேநீர் என்பதை இருபாலாரும் அறியாத வண்ணம் சோதித்த முடிபு 2005 இல் வெளிவந்தது. மருந்துத் தேநீர் அருந்திய காலத்தில் குருதிச் சருக்கரையின் நீண்டகால அளவு சிறிது தாழ்ந்திருந்தது. குவளை பன்னெடுங்காலம் இந்நாட்டு வீடுகளில் இருந்தது; அதனுள் ஊறிய பொருளுக்குப் பெயர் கியோத்தோவிற் கிடைத்து எட்டு ஆண்டு கழிந்த பின்னரே இந்நாட்டாரின் சோதனை அச்சேறியது.

சர்ப்பகந்தியைப் போலவே பொன்குறண்டிக்கும் மருந்தாவது வேரும் தண்டுமே. அகழ்ந்தாற் கொடி அழியும். கெபோஸ் லேனில் வாங்குவோரும், அவ்வேரைக் கொணர்ந்து விற்போரும் அது எந்தக் காட்டில், எத்தனை ஆண்டு வளர்ந்தது என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.